மரங்கொத்திக்குப் பயந்த கரடி

சடைச்சி என்றொரு கரடி தன் மகன் தும்பனுடன் ஒரு மலைக்காட்டில் வாழ்ந்து வந்தாள். தும்பன் அப்போது சின்னக் குட்டி. அம்மாவின் முதுகு ரோமத்தை இறுகப் பற்றிக்கொண்டு, அங்கிருந்தபடியே காட்டை வேடிக்கை பார்ப்பான்.

அதே காட்டில், குளத்தங்கரையில், பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அதில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி குடியிருந்தார். ஒரு பறவையைப் போய் ‘அவர்’ என்கிறேனே என்று பார்க்காதீர்கள். அவர் வைத்தியர். அந்தக் காட்டில் புலிகூட அவரிடம் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசும். பல் வலி வந்தால் புலியும் என்ன செய்யும்?

செங்கொண்டை காலையில் மரத்தைக் கொத்திப் புழு எடுப்பார். அது அவருடைய சாப்பாடு. வெயில் ஏறியதும் மிருகங்களின் பல்லைக் கொத்திச் சொத்தை எடுப்பார். அது அவருடைய தொழில். பல் வலிக்காரர்கள் குளத்தங்கரைப் பாறையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும். அவர் வந்து கீழுதட்டில் நிற்பார். கெட்டுப்போனதைச் சுரண்டி எடுப்பார். பிறகு அந்தக் குழியில் பிசினை வைத்து அடைத்துவிடுவார். அவ்வளவுதான் வைத்தியம்.

“டொக்! டொக்! டொக்!”

மரமானாலும் பல்லானாலும் சத்தம் ஒன்றுதான். காடு முழுக்கக் கேட்கும்.

அந்தச் சத்தத்தை வைத்து அந்தக் காட்டு அம்மாக்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குட்டி தூங்க மாட்டேன் என்றாலும், தண்ணீரை விட்டு ஏற மாட்டேன் என்றாலும், காதைக் காட்டிச் சொல்வார்கள்: “சத்தம் கேக்குதா? இங்கதான் வந்துக்கிட்டிருக்காரு! சொன்ன பேச்சு கேக்கலன்னா ஒரு பல்லு விடாம புடுங்கிடுவாரு!”

குட்டி கப்சிப் ஆகிவிடும். இவ்வளவு சுலபமான வழி கைவசம் இருக்கும்போது எந்த அம்மாதான் விடுவாள்?

சடைச்சியும் விடவில்லை. சொல்லப்போனால், அவள்தான் அதிகம் பயன்படுத்தினாள். ஒருநாள் தும்பன் காட்டோடையில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

“டேய் தும்பா! ஏறி வா!”

“மாட்டேன்!”

“சரி. செங்கொண்டையாரைக் கூப்பிடறேன். வைத்தியரே! இங்க ஒரு பல்லு இருக்கு!”

தும்பன் தண்ணீரிலிருந்து பாய்ந்து வந்தான். அம்மாவின் முதுகில் ஏறி, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது சடைச்சியின் முதுகுக்கே தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். “நம்ம தும்பனைப் பாருங்க! அந்தச் சத்தம் கேட்டாப் போதும், வாயைப் பொத்திக்கிறான்!” எல்லோரும் சிரித்தார்கள். குட்டி பயப்படுவது பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு வேடிக்கை.

சடைச்சியே அந்தப் பாறைப் பக்கம் போனதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கும் கடைவாயில் ஒரு பல் நெடுங்காலமாகத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. “எனக்கு எங்க நேரம் இருக்கு?” என்பாள். நேரம் நிறையவே இருந்தது. அவளும் குட்டியாக இருந்தபோது இதே மிரட்டலைக் கேட்டு வளர்ந்தவள்தான்.

தேன் காலம் வந்தது. தும்பன் தேனடையைப் பிழிந்து பிழிந்து குடித்தான். காலம் முடியும்போது, ஒருநாள் அவன் கொட்டாவி விட்டான். உள்ளே ஒரு பல்லில் கரும்புள்ளி தெரிந்தது.

சடைச்சி அதைப் பார்த்துவிட்டாள். வைத்தியரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் இவன் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். யோசித்தாள். யோசித்து, இருப்பதிலேயே மோசமான வழியைப் பிடித்தாள்.

“தும்பா, வாடா! தேன் எடுக்கப் போவோம்!”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான்! பெரிய அடை, பாத்து வெச்சிருக்கேன்!”

தும்பன் துள்ளிக் குதித்து முதுகில் ஏறினான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். எந்த மரத்தில் அடை, எவ்வளவு உயரம், தனக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுக்கொண்டே வந்தான். சடைச்சி எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினாள்.

மரங்கள் விலகின. குளம் தெரிந்தது. பாறை தெரிந்தது. பாறையருகே ஒரு காட்டுப்பன்றியும் இன்னும் சிலரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

தும்பனின் பேச்சு நின்றுவிட்டது.

“அம்மா, இங்க ஏன் வந்தோம்?”

“சும்மா பாக்கத்தான்டா போறாரு. வலிக்கவே வலிக்காது!”

செங்கொண்டை பறந்து வந்தார். குட்டி நடுங்குவதைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்.

“சடைச்சி, தம்பிகிட்ட சொல்லித்தானே கூட்டி வந்தே?”

“சொன்னா வருவானா, வைத்தியரே? தேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்.”

“அடடா! வலிக்காதுன்னு வேற சொல்றியே. கொஞ்சம் வலிக்கும்னு சொல்லிடு. கொஞ்ச நேரம் இங்க விளையாட விடு. நான் சும்மா அவன்கூடப் பேசிக்கிட்டிருக்கேன்...”

“இங்க எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்கோம்!” என்று காட்டுப்பன்றி உறுமியது. “ஒரு குட்டிக்கு இவ்வளவு சீராட்டா? புடிச்சு அமுக்குங்க! வேலை முடிஞ்சுடும்!”

செங்கொண்டை வரிசையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். அன்று அவர் நல்ல வைத்தியராக இருந்திருந்தால் பன்றியைக் காத்திருக்கச் சொல்லியிருப்பார். அவர் சொல்லவில்லை.

“சரி, புடிச்சுக்கோ” என்றார்.

சடைச்சி மகனை மல்லாக்கத் தள்ளி, தன் கனத்தையெல்லாம் போட்டு அழுத்திக்கொண்டாள். எந்த அம்மாவின் முதுகில் ஏறினால் பயம் போகுமோ அந்த அம்மாவே இப்போது அவனை அசையவிடாமல் பிடித்திருந்தாள்.

“டொக்!”

“ஆ! வலிக்குது! நிறுத்துங்க!”

“இதோ முடிஞ்சுதுடா!” என்றாள் சடைச்சி.

முடியவில்லை. “டொக்! டொக்!”

“நிறுத்துங்க! அம்மா, நிறுத்தச் சொல்லும்மா!”

“முடிஞ்சுது, முடிஞ்சுது!”

அப்போதும் முடியவில்லை. தும்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. படாரென்று வாயை மூடினான். செங்கொண்டை தப்பியது பெரிய காரியம். அவருடைய வால் இறகு ஒன்று தும்பனின் வாயில் மாட்டிக்கொண்டது. சுரண்டிய குழி சுரண்டியபடி நின்றது. பிசின் வைக்கவே இல்லை.

வரிசையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சடைச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் கோபமாக மாறியது.

“பயந்தாங்கொள்ளி! இவ்வளவு பேர் முன்னால மானத்தை வாங்கிட்டியே!”

வீட்டுக்குத் திரும்பும்போது தும்பன் அவள் முதுகில் ஏறவில்லை. பின்னால் நடந்து வந்தான். பாதி வழியில் மெல்லக் கேட்டான்: “தேன் எங்கம்மா?”

“அழுதவனுக்கெல்லாம் தேன் கிடையாது!”

சடைச்சி அந்தப் பதிலை அப்போதே மறந்துவிட்டாள். தும்பன் மறக்கவில்லை.

காலம் ஓடியது. தும்பனுக்குத் தோள் அகன்றது. குரல் கட்டையானது. அம்மாவோடு நடந்தால் பத்தடி தள்ளித்தான் நடப்பான். ஏதாவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். சடைச்சி மற்ற அம்மாக்களிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டாள். “என்ன பண்றது? வயசு அப்படி!”

வயசு மட்டும் இல்லை. அடைக்காமல் விட்ட அந்தக் குழியில் சொத்தை இறங்கிக்கொண்டிருந்தது.

கரடிகள் புற்றில் கறையான் தின்னும் விதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நகத்தால் புற்றை உடைக்கும். உதட்டைக் குழல் மாதிரிக் குவித்து ஓட்டையில் வைக்கும். முதலில் ஊதி மண்ணைத் தள்ளும். பிறகு ‘சர்ர்’ என்று உறிஞ்சும். கறையானெல்லாம் வரிசையாக வாய்க்குள் வந்து விழும். தும்பன் அதில் கெட்டிக்காரன். அவன் உறிஞ்சும் சத்தம் அடுத்த மேட்டுக்குக் கேட்கும். தும்பனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

இப்போது உறிஞ்சும்போது அந்தப் பல்லுக்குள் காற்றுப் புகுந்தது. மண்டை வரைக்கும் வலித்தது. கண்ணில் நீர் முட்டும். தும்பன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கமாக உறிஞ்சக் கற்றுக்கொண்டான். ஒரு பக்கமாக மெல்லக் கற்றுக்கொண்டான். வலி அதிகமான நாளில், “பசிக்கல” என்று படுத்துக்கொண்டான்.

அவனுக்கு நெட்டைவால் என்றொரு குரங்கு சிநேகிதன். வாய் ஓயாத பயல். ஒருநாள் அவன் கிளையில் தொங்கிக்கொண்டே கதை அளந்தான்.

“தெரியுமாடா? அந்த மரங்கொத்திகிட்ட ஒரு பன்னி போச்சாம். பல்லோட சேத்து தாடையே வந்துடுச்சாம்! ரத்தம் குளத்துல ஓடிச்சாம்!”

“நீ பாத்தியா?”

“நான் எங்க பாக்கறது? எல்லாரும் சொல்றாங்க!”

தும்பன் உள்ளுக்குள் அதை அப்படியே நம்பிவிட்டான். வெளியே மட்டும் நெஞ்சை நிமிர்த்தினான். “எனக்கெல்லாம் பல்லு வலியே வராது! கருங்கல்லு மாதிரி பல்லு!”

“அதான பாத்தேன்! நீ வீரன்டா!”

வீரன் என்ற பிறகு எப்படி வலியைச் சொல்வது? அன்றிலிருந்து தும்பனுக்குச் சொல்லும் வழியும் அடைபட்டுவிட்டது.

காலையில் “டொக், டொக்” என்று கேட்டாலே அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்வான். கை கால் வேர்க்கும். அது புழுவுக்காக மரம் கொத்தும் சத்தம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன? உடம்புக்குத் தெரியவில்லையே. கடைசியில் அவன் தன் படுக்கையை மலையின் மறுபுறத்துக்கு மாற்றிக்கொண்டான். அங்கே மொட்டைப் பாறைகள்தான். மரமே கிடையாது. மரம் இல்லாத இடத்தில் மரங்கொத்திக்கு என்ன வேலை? தின்னவும் அங்கே அதிகம் இல்லை. ஆனாலும் அவன் அங்கேயே கிடந்தான்.

சடைச்சி அவனைத் தேடிப் போனபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். அவள் சுற்றி மறுபக்கம் வந்தாள். கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. மூச்சில் கெட்ட வாடை அடித்தது. அது சீழ் வாடை என்று அவளுக்குப் புரிந்தது.

“ஐயோ, தும்பா! எத்தனை நாளாடா இப்படி? ஏன்டா சொல்லல?”

அவன் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எந்திரிடா தங்கம். வைத்தியர்கிட்டப் போவோம்.”

தும்பன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். “எதுக்கு? தேன் எடுக்கவா?”

சடைச்சிக்கு நெஞ்சில் குத்தியது. இத்தனை காலம் அதை இவன் சுமந்துகொண்டிருக்கிறானா? பதறிப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “இல்லடா, இல்லடா! வலிக்கவே வலிக்காதுடா!”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதே வார்த்தை! தும்பன் எழுந்தான். இன்னும் மேலே, இன்னும் மொட்டையான பாறைக்கு தள்ளாடிக்கொண்டே ஏறிப் போய்விட்டான். சடைச்சி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

மூச்சிரைக்கக் குளத்தங்கரைக்கு ஓடினாள். “வைத்தியரே! என் பிள்ளை சாகக் கிடக்கான். நீங்க வந்தாத்தான் ஆச்சு!”

செங்கொண்டை எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய கொண்டை தணிந்தது.

“நான் போய் என்ன பண்ண, சடைச்சி? என் சத்தம் கேட்டாலே இன்னும் மேல ஓடுவான். அன்னைக்கு ‘நிறுத்துங்க, நிறுத்துங்க’ன்னு கத்தினான். நான் நிறுத்தல. யாரோ ஒரு பன்னி அவசரப்பட்டதுக்காக நானும் அவசரப்பட்டேன். அது என் தப்பு.”

“உங்க தப்பு கொஞ்சம்தான். பூராவும் நான் பண்ணினது. இப்ப என்ன செய்யட்டும்? இழுத்துக்கிட்டு வரட்டுமா?”

“மறுபடியுமா?”

சடைச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

செங்கொண்டை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “காட்டுல பாக்கறப்பல்லாம் நீ ஏன் இடப்பக்கமே மெல்லுற?”

“நானா? எனக்கென்ன? எனக்கு ஒண்ணும் இல்லையே!” என்று சொல்லிக்கொண்டே சடைச்சி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்ததில் கால் குளத்துக்குள் போய்விட்டது.

அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்றபடிதான் அவளுக்குப் புரிந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. கை வாயைப் பொத்த எழுந்தது. தன் குட்டி வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாளே, அந்தப் பயம் அவளுடையது! தன் பயத்தைத்தான் அவனுக்கு வேளா வேளைக்கு ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

சடைச்சி வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துக் கேட்டாள். “வைத்தியரே, என் பல்லைப் பாருங்க. ஆனா இங்க வேண்டாம். அவன் பாக்கற இடத்துல வெச்சுப் பாருங்க.”

மறுநாள் மொட்டைப் பாறைக்குக் கீழே சடைச்சி வந்து உட்கார்ந்தாள். செங்கொண்டை கொத்தாமல், சத்தம் போடாமல் வந்து இறங்கினார். மேலே ஒரு கல்லுக்குப் பின்னால் இரண்டு காதுகள் தெரிந்தன.

“சடைச்சி, நல்லாக் கேட்டுக்கோ” என்றார் செங்கொண்டை, மேலேயும் கேட்கும்படியாக. “கொஞ்சம் வலிக்கும். வேண்டாம்னு தோணினா வலது கையைத் தூக்கு. தூக்கினதும் நிறுத்திடுவேன்.”

“சத்தியமா?”

“தூக்கித்தான் பாரேன்!”

அலகு பல்லில் படுவதற்கு முன்பே சடைச்சி கையைத் தூக்கிவிட்டாள். செங்கொண்டை சட்டென்று வெளியே வந்துவிட்டார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி தூக்கினாள். மறுபடி வெளியே வந்தார். இப்படியே அவள் தூக்குவதும் அவர் வருவதுமாக இருந்தது. பாதி பயத்தில் தூக்கினாள், பாதி சோதித்துப் பார்க்கத் தூக்கினாள். செங்கொண்டை ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் அலகு அவள் பல்லில் பட்டது.

மேலிருந்து கட்டைக் குரல் கேட்டது. “வலிக்குதாம்மா?”

சடைச்சியின் நாக்கு நுனிக்கு ‘இல்லை’ வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

“வலிக்குதுடா. பயமாவும் இருக்கு. ஆனா கையைத் தூக்கினா நிறுத்திடறாரு.”

காதுகள் மறைந்துவிட்டன. ஆனால் அடுத்த நாள் ஒரு பாறை கீழே வந்து தெரிந்தன. அதற்கடுத்த நாள் தும்பன் இன்னும் ஒரு பாறை கீழே வந்தான். ஒருநாள் செங்கொண்டை சடைச்சியின் பல்லை லேசாகக் கொத்திக் காட்டினார். தும்பன் மேலே ஓடிப்போனான். பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வர இரண்டு நாள் ஆனது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. அவன் வரும் வேகத்தில்தான் வந்தான்.

இதையெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொத்தைக்கு இந்தப் பொறுமை கிடையாது. தும்பன் ஒவ்வொரு பாறையாக இறங்கி வந்துகொண்டிருந்தபோது, சீழும் பல்லை விட்டுத் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சடைச்சி அதை வாடையிலேயே உணர்ந்தாள். ஓடிப்போய் அவனை அமுக்கிப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா என்று கை துடித்தது. தரையில் நகத்தை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பட்ட பாட்டில் அதுதான் பெரிய பாடு.

சடைச்சியின் பல்லைச் சுரண்டிப் பிசின் வைத்தாகிவிட்டது. கடைசியில் தும்பனும் வந்தான். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. நேராகச் செங்கொண்டையின் முன்னால் வந்து நின்றான். முதல் தடவையாக அவரைக் கண்ணுக்கு நேரே பார்த்தான்.

“இவ்வளவுதானா நீங்க?” என்றான் திகைத்துப்போய். “என் கையளவுகூட இல்லையே!”

“அவ்வளவுதான் தம்பி.”

“உங்களுக்குப் பயந்தா இத்தனை காலம் ஓடினேன்?”

யாரும் சிரிக்கவில்லை. தும்பன் வலது கையை உயர்த்திப் பார்த்தான். செங்கொண்டை ஓரடி பின்வாங்கினார். தும்பன் கையை இறக்கினான். வாயைத் திறந்தான்.

செங்கொண்டை உள்ளே பார்த்தார். ஒவ்வொரு பல்லாக அலகால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, உள்ளதைச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“வலிக்கும். இந்தப் பல்லோட பக்கத்துப் பல்லுங்களும் போகும். தாடை எலும்பும் ஓரமா அரிச்சிருக்கு. அதையும் எடுத்தாத்தான் நீ பிழைப்பே. அப்புறம் உன் உதடு இந்தப் பக்கம் சரியா மூடாது.”

தும்பன் கொஞ்சம் யோசித்தான். “புத்துல உறிஞ்ச முடியுமா?”

“முடியாது தம்பி.”

“முன்னாடியே வந்திருந்தா?”

“ஒரு சொட்டுப் பிசின்ல முடிஞ்சிருக்கும்.”

தும்பன் அம்மாவைப் பார்த்தான். ‘எல்லாம் சரியாப் போயிடும்’ என்று சொல்ல அவள் வாய் துடித்தது. சொல்லவில்லை. “நான் இங்கதான் இருக்கேன்டா. உன்னைப் புடிக்க மாட்டேன். வேணும்னா நீ என்னைப் புடிச்சுக்கோ” என்றாள்.

அவன் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்தில் உட்காரவிட்டான்.

வேலை பல நாள் நடந்தது. தும்பன் பலமுறை கையைத் தூக்கினான். செங்கொண்டை பலமுறை நிறுத்தினார். ஒரு நாள்கூட தும்பன் வாயைப் படாரென்று மூடவில்லை. அவனுக்குத் தேவையாக இருந்ததெல்லாம் அந்த ஒரு கைதான். அதைக் குட்டியாக இருந்தபோதே கொடுத்திருக்கலாம். யாரும் கொடுக்கவில்லை.

தும்பன் பிழைத்துக்கொண்டான். வீக்கம் வடிந்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் கன்னம் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கிப்போய்விட்டது. உதடு கோணிக்கொண்டது. ஒருநாள் ஆசையாக ஒரு புற்றை உடைத்து வாயை வைத்தான். உறிஞ்சினான். பக்கவாட்டில் ‘புஸ்’ என்று காற்று போனது. மறுபடி உறிஞ்சினான். மறுபடியும் ‘புஸ்’. வாய்க்குள் ஒரு கறையான்கூட வரவில்லை. அவற்றுக்கென்ன, அவை பாட்டுக்கு ஊர்ந்து ஓட்டைக்குள் போய்விட்டன.

மரத்தின் மேலிருந்து நெட்டைவால் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவன்கூட ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து தும்பன் பழத்தையும் பூவையும் தின்று காலம் தள்ளினான். அவை இல்லாத மாதங்களில் சடைச்சி புற்றை முழுதாகக் கிளறிப் போடுவாள். அவன் நக்கித் தின்பான். பாதி கறையான் தப்பிவிடும். பாதி மண் வாய்க்குப் போகும். சடைச்சி தலையைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் மற்ற அம்மாக்களிடம் போய்ச் சொன்னாள். “அந்தச் சத்தத்தைக் காட்டி மிரட்டாதீங்கம்மா. என் பிள்ளையைப் பாருங்க.” சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், “எங்க பிள்ளைக்கெல்லாம் அப்படி ஆகாது” என்றார்கள். குட்டி அடம் பிடிக்கும்போது எத்தனை பேருக்கு நாக்கு அடங்கும்?

ஒருநாள் அவள் தும்பனிடமே கேட்டுவிட்டாள். “என் மேல கோவமாடா?”

தும்பன் யோசித்துத்தான் பதில் சொன்னான். “கோவம் இல்லம்மா. நீயும் பயந்துபோய்த்தான இருந்தே. ஆனா ஒண்ணு. நீ எது சொன்னாலும் ஒரு தடவை நானே பாத்துட்டுத்தான் நம்புறேன். மாத்திக்கணும்னுதான் பாக்கறேன். முடியல.”

“பாத்துட்டே நம்புடா” என்றாள் சடைச்சி.

அன்று சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஈரமாக வீசியது. சடைச்சி குகை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

“தும்பா! மழை வருது, உள்ள வாடா!”

தும்பன் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான். மேகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டான். மூக்கில் ஒரு துளி விழும் வரை நின்றான். அதன் பிறகுதான் நடந்து வந்தான்.

சடைச்சிக்குக் கோபம் வரவில்லை. அவன் பார்த்து முடிக்கும் வரை வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றாள்.

பிள்ளையைப் பயம் காட்டிப் பணிய வைக்கிறவர்களும், பொய் சொல்லிச் சமாளிக்கிறவர்களும், ஆபத்து வேளையில் தாங்கள் சொல்லும் உண்மையைக்கூட அந்தப் பிள்ளை நம்ப முடியாதபடி செய்துவிடுகிறார்கள்.